படலை

இரவு இரண்டே கால்.
காலில் கிடந்த துணியைத் தள்ளி எறிகிறேன்.
பருத்தித் துணிதான், நூறு தரம் தோய்த்தது.
என்றாலும் அது விரலில் படும்போது
யாரோ மண்ணெண்ணெய் அடுப்புத் திரியை
மெல்ல மெல்ல ஏற்றுகிறார்கள்.

வெள்ளவத்தை, மூன்றாம் மாடி.
இந்த வீட்டில் குளிர்ந்த தரை குசினிக்குள் மட்டும்.
அங்கே போய் நிற்கிறேன், காலை மாற்றி மாற்றி.
கொக்கு, என்கிறார் வரதன், நித்திரைக்குள்ளிருந்து.
விடிந்ததும் கீழ்வீட்டு பெரேரா மிஸ் கேட்பா,
இரவு முழுக்க நடக்கிறது ஆர் என்று.

குளிசை தொடங்கி ஏழு கிழமை.
முதலில் இரவில் ஒன்று. பிறகு காலையிலும்.
எரிவு இறங்கியது, உண்மை,
அடுத்த வீட்டு ரேடியோவைக் குறைத்ததுபோல.
பாட்டு நிற்கவில்லை.
கணுக்கால் வீங்கியது. உள்பாவாடை நாடாவை
இரண்டு விரல் தள்ளிக் கட்டவேண்டி வந்தது.
வாய் காய்ந்தது. காலி வீதி விளக்குகள்
இரண்டிரண்டாய் வந்தன.
எல்லாம் கொப்பியில் எழுதினேன், திகதி போட்டு,
நீதிமன்றத்தில் இருபத்தெட்டு வருடப் பழக்கம்.

எழுதாமல் விட்டது ஒன்று.

புதுக்கடை. சாட்சி ஒரு பாசையூர் மனிசன், சவிரிமுத்து.
"அவர் படலையைத் திறந்துகொண்டு வந்தவர்," என்றார்.
நான் சிங்களத்துக்குத் திரும்பினேன்.
திரும்பிய இடத்தில் ஒன்றுமில்லை.

படலை. கண்ணுக்குத் தெரிகிறது,
கம்பிக் கொளுவி, இழுத்தால் வரும் கீச்சுச் சத்தம்.
சொல்லை மட்டும் காணவில்லை.
நீதவான் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.
மின்விசிறி சுற்றியது. எதிரிக் கூட்டில் நின்ற பெடியன்
என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான்.
"மிஸிஸ் வரதன்?"
"கேட்," என்றேன் கடைசியில்,
கடைக்காரனிடம் கடன் சொல்லுகிறவள்போல.

கடுல்ல.
வந்தது அது, பம்பலப்பிட்டியில், நூறாம் நம்பர் பஸ்ஸில்,
பின்னேரம் நாலரைக்கு, ஒருவரும் கேட்காதபோது.
சத்தமாகவே சொல்லிவிட்டேன். பக்கத்துச் சீட்டுப் பிள்ளை
காதிலிருந்ததைக் கழற்றி, "ஆன்ட்டி?" என்றது.

வீட்டு ஒழுங்கைக்கு வந்த பிறகுதான் பார்த்தேன்,
இடது காலில் செருப்பு இல்லை.
எந்தத் தரிப்பில் கழன்றதோ.
குதிக்காலில் ஒரு சோடா மூடி
தன் பற்களை வட்டமாய்ப் பதித்திருந்தது, இரத்தத்தோடு.
துணி பட்டால் கத்துகிற கால்
இதற்கு வாயே திறக்கவில்லை.

அன்றிரவே குளிசையை நிறுத்தினேன். நானாக. ஒரேயடியாக.
மூன்றாம் நாள் வியர்வை, வாந்தி,
அடுப்புத் திரி உச்சத்தில்.
வரதன் ஒன்றும் சொல்லவில்லை. த்ரீவீல் பிடித்தார்.

பெரியாஸ்பத்திரி கிளினிக், இலக்கம் அறுபத்தெட்டு.
டொக்டர் நிலூகா முதலில் ஏசினா,
புண்ணைப் பார்த்து இன்னொருக்கால் ஏசினா,
பிறகு கணக்குப் போட்டா:
காலைக் குளிசை வேண்டாம், இரவில் மட்டும், சின்னது.
இரத்தம் சோதித்து வாங்கோ, சிறுநீரகம் பார்க்கவேணும்.
அடிப்பாதத்தைத் தினமும் கண்ணாடி வைத்துப் பாருங்கோ.
எரிவு முழுக்கப் போகுமா என்றேன்.
"பாதி போனால் நல்லது," என்றா, எழுதிக்கொண்டே.

எரிவா, குத்தலா, ஹிரியா?
ஹிரி. நல்ல சொல்.
தமிழில் விறைப்பு என்றால் காணாது,
எறும்பையும் கூட்டிவரவேண்டும்.
என் காலை நானே மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன்,
சம்பளமில்லாமல்.

பிறகு கண்ணை மூடச் சொன்னா.
நைலோன் நூல் ஒன்று. பட்டால் சொல்லவேண்டும்.
பெருவிரல். தெரியுது.
நடுப்பாதம். சாடையாக.
அடுத்தது இடது குதிக்கால் என்று தெரியும்.
காத்திருந்தேன்,
என்ன சொன்னால் வீட்டுக்கு விடுவார்களென்று
கூட்டில் நின்று யோசிக்கிற சாட்சிகளை
எத்தனை பேரைக் கண்டிருப்பேன்.
"தெரியுது," என்றேன்.

"மிஸ், நான் இன்னும் தொடவில்லை."

கொப்பியில் அதையும் எழுதினேன்,
திகதி போட்டு.